குழாயில் கட்டிய கைக்குட்டை

கோமதி இறந்துபோன செய்தி எனக்குக் காப்பிப்பொடிக் கடையில் கிடைத்தது. கரியாஹாட் முனையில் நம்மவர்கள் எல்லோரும் வாங்கும் கடைதான். அரைவை எந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அண்ணாச்சி கத்தித்தான் சொன்னார். “சார், ஒங்க ஆபீஸ் கோமதியம்மா காலைல போய்ட்டாவளாம்.” எனக்குச் சரியாகக் காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் “யாரு?” என்றேன். எந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார். சொல்லி முடித்த கையோடு “சிக்கரி எவ்வளவு போடட்டும்?” என்று கேட்டார். வழக்கம்போலப் போடச் சொன்னேன். சூடான பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு டிராமில் உட்கார்ந்த பிறகுதான், முதலில் எனக்குள் வந்தது துக்கமில்லை, நிம்மதி என்பது புரிந்தது. அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். ஆனால் அந்த நினைப்பு போகவில்லை.

கல்கத்தாவில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். நினைவு மலர் போடுகிறார்களாம். இருபது வருஷம் கூட வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் எழுதினால் பொருத்தமாக இருக்குமாம். “நல்லவிதமா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார்” என்றார். கோமதியைத் தெரிந்த உங்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும். “செத்துப்போனா போதும், ஆளுக்கு ஒரு கை சுண்ணாம்பு அடிச்சு நிறுத்திருதீங்கவே” என்று இதே சங்கத்தின் இரங்கல் கூட்டம் ஒன்றில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு சொன்னவர் அவர். அப்போது மேடையில் பேசிக்கொண்டிருந்தவன் நான். அவருக்குச் சுண்ணாம்பு அடிக்க எனக்குத் துணிவில்லை. எழுதச் சொன்னவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டாக்குரியா ஏரிக்குப் பக்கத்தில் அறுபதுகளின் கடைசியில் கடல்வாழ் உயிரினங்களுக்கு ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். இன்று அந்த இடத்தில் பூட்டிய கதவுதான் இருக்கிறது. ஜன்னல் இல்லாத நீளமான கூடம், இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள். கடல் தண்ணீர் திகா கடற்கரையிலிருந்து டிரம்களில் லாரி ஏறி வரும். அந்தத் தண்ணீரின் உப்பையும் சூட்டையும் பார்த்துக்கொள்வதும், தொட்டிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதும் என் வேலை. கோமதி அங்கே புகைப்படக்காரர். அவருடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து இங்கே துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தா. வங்காளம் கோமதிக்குத் தண்ணீர் பட்ட பாடு. திட்டுவதற்கு மட்டும் தூத்துக்குடித் தமிழை வைத்திருந்தார். நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம், ஏறக்குறைய ஒரே வயது. நான் மாயவரத்துக்காரன், யாரையும் வாங்க போங்க என்று பேசிப் பழகியவன். அவர் முதல் நாளே என்னை ‘வே’ போட்டுக் கூப்பிட்டுவிட்டார்.

தொட்டிக்குள் இருப்பதைப் படம் பிடிப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். மீன் நிற்காது. முன்னே வரும், பின்னே போகும், காமிராவுக்குத் தெளிவாகத் தெரிகிற தூரத்தில் ஒரு நொடி இருந்தால் அதிகம். கோமதி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தொட்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விட்டு, இன்னொரு கண்ணாடியை மேலிருந்து இறக்கிவிடுவார். அந்த ஒரு சாணுக்குள் பிராணி அகப்பட்டுக்கொள்ளும். எப்படித் திரும்பினாலும் படத்தில் தெளிவாக விழும். நெருக்குக் கண்ணாடி என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அடுத்தது காற்றுக் குமிழிகள். ஒவ்வொரு தொட்டியின் மேல் விளிம்பிலும், முன்பக்கம் வலது மூலையில், பம்பிலிருந்து வரும் காற்றுக்கு ஒரு சின்னப் பித்தளைக் குழாய் உண்டு. குமிழி எழும்பினால் படம் கெட்டுவிடும். ஆகவே குழாயை மூடிவிட வேண்டும். அவருடைய காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். “பன்னண்டு முடியித வரைக்கும் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கட்டும், ஒண்ணும் செத்துராது” என்பார். சில செத்தன. அவற்றின் படங்களும் நன்றாகவே வந்தன.

பேத்தை மீன் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேத்தை பயந்துபோனால் தண்ணீரைக் குடித்து உருண்டையாக உப்பிவிடும். அந்த உருண்டைதான் கோமதிக்கு வேண்டும். ஒரு குச்சியால் குத்தினார், உப்பியது, எடுத்தார். அடங்கியதும் மறுபடி குத்தினார். ஜாதவ்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது தடவை உப்பிய மீன் பத்தாவது தடவை உப்பவில்லை, ஒருக்களித்துக் கிடந்தது. தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நிதாய் ஓடி வந்து, “போதும் தீதி, அதுக்கு பயப்படக்கூடத் தெம்பில்லை” என்று வங்காளத்தில் கெஞ்சினார். கோமதி அவருக்குத் தீதி, அதாவது அக்கா; நான் தாதா, அண்ணன். “இன்னும் மூணு படம் பாக்கி இருக்கு நிதாய்” என்றார் கோமதி. மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் குச்சியைக் கீழே வைத்தார்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் எடுத்தார். என் மனைவி விசாலத்தை ஒரு முறை எங்கள் வீட்டு மாடியில் நிறுத்தி வைத்தார். விசாலம் சிரித்தாள். கோமதி காமிராவைக் கண்ணுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சிரித்துக்கொண்டே எவ்வளவு நேரம்தான் நிற்பது? சிரிப்பு நழுவி, அவளுக்கு எரிச்சலும் அதன் பின்னால் என்னவோ ஒரு சோர்வும் வந்த நேரத்தில் பொத்தானை அமுக்கினார். “இப்பத்தாங்க நீங்க வந்தீங்க. இத்தன நேரம் வேற யாரோல்லா நின்னாங்க” என்றார். விசாலத்தின் முகத்தை அவ்வளவு சரியாகக் காட்டும் படம் வேறு கிடையாது. அவள் அதைப் பீரோவின் அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

காட்சிக்கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஒருநாள் கோமதி படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் ஊழியர் மீன் தவிப்பதைப் பார்த்துவிட்டு நடுவில் குழாயைத் திறந்துவிட்டார். ஏழு படம் குமிழியில் போயிற்று. அன்று கோமதி போட்ட சத்தத்தில் கூடமே கிடுகிடுத்தது. அதன் பிறகு வந்த சட்டம் இது: குழாயை மூடுகிறவர் தன் கைக்குட்டையையோ துண்டையோ அதில் கட்ட வேண்டும். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. மின்சாரம் போய்விட்டால் கட்டியவர் முதல் வேலையாக அவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட வேண்டும். ஏனென்றால் பம்பு நின்றதும் நிதாய் பின்னறையில் இருக்கும் கைப்பம்பை அடித்து எல்லாத் தொட்டிக்கும் காற்று அனுப்புவார். கல்கத்தாவில் லோடுஷெட்டிங் இல்லாத நாள் ஏது? இந்தச் சட்டத்தை வங்காளம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்தான். தமிழில் எதற்கு என்று அதிகாரி கேட்டார். எங்கள் இருவருக்கும் என்று சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் மெட்ராஸ் மெயிலில் ஆறு ஆக்டோபஸ் அனுப்பினார்கள். ஹௌராவில் இறக்கியபோது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. “ஊர்ல இத பேய்க்கணவாய்னு சொல்லுவோம். பேயவிட இதுக்கு வெக்கம் ஜாஸ்தி” என்றார் கோமதி. உண்மைதான். நிதாய் ஒரு மிஷ்டி தோய்ச் சட்டியைக் கழுவித் தொட்டிக்குள் போட்டார். அது அந்தத் தயிர்ச்சட்டிக்குள் போய்ச் சுருண்டதுதான், வெளியே வரவேயில்லை. நிதாய் கையை விட்டால் மட்டும் ஒரு கால் மெல்ல நீண்டு அவருடைய மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அவர் பிழைக்க எல்லை தாண்டி வந்து ஜாதவ்பூர்க் காலனியில் குடிசை போட்டவர், குழந்தை குட்டி இல்லாதவர். அதற்குப் புச்கி என்று பெயர் வைத்தார். வங்காளத்தில் சின்னக்குட்டி என்று அர்த்தம். சாப்பாட்டுக்கு நண்டு உடைத்துக் கொடுக்கும்போது அதனோடு பேசிக்கொண்டேயிருப்பார்.

கோமதிக்கு அது முழுசாக வெளியே வந்து நிற்கும் ஒரு படம் வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றின் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று மூன்று வாரமாக அலைந்துகொண்டிருந்தார். இரண்டு நாள் நண்டு போடாமல் பட்டினி போட்டுப் பார்த்தார். அது வரவில்லை. சட்டியை எடுத்துவிடலாம் என்றார், நிதாய் அழாத குறையாகத் தடுத்துவிட்டார். கடைசியில் சட்டியோடு சேர்த்து நெருக்குக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

ஆவணி மாதம். கல்கத்தாவில் அந்த மாதம் எப்படிப் புழுங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நிதாய் பின்னறையில் நண்டு கழுவிக்கொண்டிருந்தார். நான் சட்டியை முன்னால் நகர்த்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். “மூடும்வே” என்றார் கோமதி. குழாயை மூடி என் கைக்குட்டையைக் கட்டினேன். விசாலம் மூலையில் நீல நூலால் என் பெயரின் முதல் எழுத்தை, ‘சு’ என்று தைத்துக் கொடுத்த கைக்குட்டை. கோமதி ஒரு படம் எடுத்தார். அதில் சட்டியைத் தவிர வேறு எதுவும் விழுந்திருக்காது. இரண்டாவதற்குள் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனால் கூடத்தில் குகை மாதிரி இருட்டிவிடும். எல்லோரும் வெளியே ஏரிக்கரைக்கு டீ குடிக்கப் போவது வழக்கம். வாசலிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.

“நீங்க வரலையா?” என்று கோமதியைக் கேட்டேன்.

“ஃபிளாஷ் பேட்டரியில ஓடுது. அதுவும் ஒரு சாணுக்குள்ள மாட்டிக்கிட்டு கெடக்கு, இருட்டுலயும் தெளிவா விழும். நீரு போயி டீயக் குடியும்.”

போனேன். பம்பே நின்றுவிட்டபோது குழாய் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன என்று என் மனதில் ஓடியது. கைப்பம்பு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லை. சட்டத்தை மூன்று மொழியில் எழுதியவனுக்கு ஒரு மொழியில்கூட ஞாபகம் வரவில்லை. மண்கோப்பையில் டீ குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். பொரி வாங்கித் தின்றேன். அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமாகும் உத்தரவு வரவேண்டியிருந்தது, அதைப் பற்றி எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்து டீக்கடை ரேடியோ திடீரென்று பாட ஆரம்பித்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

உள்ளே வந்தபோது பம்பு ஓடும் சத்தம் கேட்டது. எல்லாத் தொட்டியிலும் குமிழி வந்துகொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. கோமதி முடிந்த சுருளைக் கழற்றி, காகிதப் பட்டையை நாக்கில் நனைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். “வந்துட்டீரா? பன்னண்டும் முடிஞ்சிட்டு” என்றார். அவருக்குப் பின்னால் புச்கி சட்டியை விட்டு முழுசாக வெளியே வந்து, எட்டுக் கால்களையும் விரித்து முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளுத்துப்போயிருந்தது. வலது மூலையில் என் கைக்குட்டை தொங்கியது.

நான் அதைப் பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டு குழாயைத் திறந்தேன். “நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? திறந்திருக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“எப்படித் தெறக்க? உம்ம கைக்குட்டைல்லா தொங்குச்சு. கட்டுனவர்தான் அவுக்கணும். நீருதானவே எழுதி ஒட்டுனீரு?”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் பின்னறையிலிருந்து நிதாய் வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, இரண்டு கையும் உதறிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் தன்னந்தனியாகக் கைப்பம்பு அடித்திருக்கிறார். “ஒரு தொட்டியையும் விடலை தாதா” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னவர் புச்கியைப் பார்த்துவிட்டார். ஓடிப்போய் நெருக்குக் கண்ணாடியை உருவி எறிந்தார், அது தரையில் விழுந்து உடைந்தது. கையை உள்ளே விட்டார். கால் எதுவும் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. குமிழி வரும் இடத்தில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு சாயங்காலம் கூடத்தை மூடும்வரை நின்றார். அது எப்போது செத்தது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை நிதாய் தானாகவே அதிகாரியின் அறைக்குப் போனார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். நிதாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கைப்பம்பு அடிக்கும்போது நடுவில் தோள் விட்டுப்போய்விட்டதாம். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு பீடி குடித்தாராம். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் புச்கிக்கு மூச்சு முட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அதிகாரி என்னைப் பார்த்து, “உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கா?” என்று கேட்டார். கைக்குட்டை என் பையில்தான் இருந்தது. “புழுக்கம் ஜாஸ்தி சார். தண்ணீர்ச் சூடும் கொஞ்சம் அதிகம்” என்றேன். தனக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நிதாய் என்னை நன்றியோடு பார்த்தார். கோமதியும் என்னைப் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நிதாய் தற்காலிக ஊழியர். நாளை முதல் வர வேண்டாம் என்பதற்கு ஒரு காகிதம்கூடத் தேவைப்படவில்லை.

என் உத்தரவு மாதக் கடைசியில் வந்தது.

அந்தப் பன்னிரண்டாவது படத்துக்குத்தான் பரிசு கிடைத்தது. உங்களில் பலர் வீட்டில் அது மாட்டியிருக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை வெளேரென்று எட்டுக் கால்களும் விரிந்து நிற்கும் அந்தப் படம். சங்கத்து ஆண்டு மலரில் அட்டையில் போட்டார்கள். அடியில் நாலு வரி வேண்டுமென்று என்னிடம் வந்தார்கள். ‘கூச்சம் விட்டு வெளியே வந்த கடலரசி, மகிழ்ச்சியில் மேனி வெளுத்து நிற்கிறாள்’ என்று எழுதிக் கொடுத்தேன். பலரும் பாராட்டினீர்கள். கோமதி மலரை வாங்கிப் படித்துவிட்டு, “நானாவது சாகுறத எடுத்தேன்வே. நீரு அதுக்கு கல்யாணம்லா பண்ணி வச்சிருக்கீரு” என்றார். அதன் பிறகு எனக்குச் சில மாதம் வாய்க்கு எதுவும் ருசிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

நிதாய்க்குக் கரியாஹாட் மீன் சந்தையில் வேலை கிடைத்தது. பெரிய அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு, வாங்குகிறவர்களுக்கு மீன் நறுக்கித் தருவார். விஜயதசமி முடிந்தால் வங்காளிகள் வேண்டியவர்கள் வீட்டுக்கு இனிப்போடு போய்க் கட்டித் தழுவிப் பழசை மறக்கும் ‘விஜயா’ உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் நிதாய் தேங்காய் உருண்டையோடு எங்கள் வீட்டுக்கு வருவார். கையை எவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தாலும் மீன் வாடை இருக்கும். என்னைத் தழுவிக்கொண்டு “கொமா கொரே தின், தாதா” என்பார். மன்னித்துவிடுங்கள் என்று அர்த்தம். பீடியை அன்றோடு விட்டுவிட்டதாக ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுப்பேன். “அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு நிதாய்” என்பேன். விசாலம் அவருக்கென்று சுட்ட முறுக்கை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவாள். ஒரு வருஷம் இதெல்லாம் நடக்கும்போது கோமதி எங்கள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிதாய் போன பிறகு, “மன்னிச்சிட்டீரா?” என்று கேட்டார். நான் வாசல் கதவைச் சாத்தப் போனேன். “பெரிய மனசுவே உமக்கு” என்று சொல்லிவிட்டு நிதாய் வைத்துப்போன உருண்டையில் ஒன்றை எடுத்துத் தின்றார்.

நான் அவரைப் பார்த்துப் பயந்தேன் என்பதை இப்போது சொல்லிவிடலாம். அச்சிட்ட படத்தில் வலது பக்கம் வெட்டப்பட்டிருந்தது. நெகடிவில் அந்தப் பக்கமும் அதில் என் கைக்குட்டையும் இருக்கும். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பதிமூன்று வருஷம் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் கோமதிக்கு நுரையீரல் போய்விட்டது. இருட்டறையில் மருந்துவாடையைச் சுவாசித்த பலன் என்றார் டாக்டர். சாவதற்குச் சில நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது மூக்கில் மூடி வைத்து, பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிறுத்தியிருந்தார்கள். நர்ஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போனாள். கோமதி மூடியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு பேசினார்.

“சிலிண்டர்ப் பக்கமா நிக்காதேயும். கைக்குட்டையக் கட்டிரப் போறீரு.”

“இப்பக்கூட இதானா கோமதி?”

“இப்பத்தானவே சொல்லணும். பன்னண்டும் பத்திரமா இருக்கு. எதுக்கு வச்சிருந்தேன் தெரியுமா? என்னைக்காவது நீரா வந்து கேப்பீருன்னு. பதிமூணு வருசம். கேக்கவே இல்லையே.”

“நீங்களே காட்டியிருக்கலாமே. நிதாய் பாவம்னு உங்களுக்குத் தோணலையா?”

“தோணுச்சு. நா என்ன கல்லா? ஆனா கைக்குட்ட உம்மது.” மூச்சு வாங்கியது. மூடியை வைத்து இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி தூக்கினார். “அத மூச்சு முட்டவிட்டது நா. அதுக்கு எனக்கு இப்பக் கெடச்சிட்டு, பாத்தீரா? உமக்கு இன்னும் கெடைக்கல. அதுதான் என் வருத்தம்.”

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. எவ்வளவு கொடுமையான மனுஷி என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். அவர் பொய் சொன்னதாக ஒரு தடவையும் எனக்கு நினைவில்லை. என்னைப் பற்றி அப்படி யாரும் சொல்ல முடியாது.

காரியம் முடிந்து நாலாம் நாள் கோமதியின் தம்பி மகள் ஓர் உறையோடு வந்தாள். இங்கேயே பிறந்த பெண், தமிழ் தத்தித் தத்தித்தான் வரும். “காக்கு, பிஷி இதை உங்களுக்குத் தரச் சொல்லிச்சு. வேற கிச்சு சொல்லலை” என்றாள். காக்கு என்றால் சித்தப்பா, பிஷி அத்தை. மூன்று மூன்றாக நறுக்கிய நாலு துண்டு நெகடிவ். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதலில் சட்டி மட்டும். அப்புறம் ஒரு கால், அப்புறம் மூன்று கால். பாதிக்கு மேல் சட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. பத்து, பதினொன்றில் கண்ணாடியை எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்திருக்கிறது. பன்னிரண்டு படத்திலும் வலது மூலையில் என் கைக்குட்டை இருந்தது. ஒன்றிரண்டில் ‘சு’ என்ற எழுத்துகூடத் தெரிந்தது.

ஒரு வாரம் அதைப் பீரோவில் வைத்திருந்தேன். எரித்துவிடலாம் என்றும் நினைத்தேன், அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு விஜயாவுக்கு நிதாய் வந்து என்னைத் தழுவிக்கொண்டு மன்னிப்புக் கேட்பதை நினைத்தபோது உடம்பு கூசியது. கரியாஹாட் சந்தைக்குப் போனேன். மீன் வாங்காத ஆள் மீன் சந்தைக்குள் வந்ததைப் பார்த்து நிதாய் பதறி எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். கடைசித் துண்டை அவர் கையில் கொடுத்து, கூரை விளக்குக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். ஓரத்தில் தெரிவது என் கைக்குட்டை என்றேன். குழாய் மூடியே இருந்தது, மறந்தது நான், அவருடைய பீடிக்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை என்று கோவையாகச் சொல்லி முடித்தேன். அவருக்கு ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்தேன். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

நிதாய் கைக்குட்டையைப் பார்க்கவில்லை. புச்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டைக் கீழே இறக்காமலே, “அப்போ நான் அன்னைக்கு அடிச்ச காத்து ஒரு மூச்சுகூட அவளுக்குப் போகலையா தாதா?” என்று கேட்டார்.

ஐந்து நிமிஷம் அவர் தவறவிட்டிருந்தாலும், மீதி நேரமெல்லாம் தன் கையால்தான் அது உயிரோடு இருந்தது என்ற ஒன்றை அவர் இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. கோமதிக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. பொய் சொல்லியிருக்கலாம். அன்று பார்த்து எனக்கு உண்மைதான் வந்தது.

“போகலை நிதாய்” என்றேன்.

“ரேகே தின்” என்று நெகடிவைத் திருப்பிக் கொடுத்தார். வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பிறகு உட்கார்ந்து, அரிவாள்மணையை மிதித்து, பாதியில் விட்டிருந்த மீனை எடுத்துக்கொண்டார். வாங்க வந்த அம்மாள் நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கோமதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நாலு துண்டு நெகடிவ்தான். சங்கத்து மலரில் பன்னிரண்டையும் வரிசையாகப் போட வேண்டும், ஓரத்தை வெட்டக்கூடாது என்று செயலாளரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். போட்டால்தான் இந்தக் கட்டுரை, இல்லாவிட்டால் இல்லை. பழைய மலரில் நான் எழுதிய நாலு வரியை உங்கள் வீட்டுப் படங்களின் அடியிலிருந்து கிழித்துவிடுங்கள்.

விஜயா முடிந்து லட்சுமி பூஜையும் போய்விட்டது. நிதாய் வரவில்லை. அவருக்கென்று சுட்ட முறுக்கு டப்பாவோடு அப்படியே இருக்கிறது. “ஏன் இந்த வருஷம் அவரைக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று விசாலம் தினமும் கேட்கிறாள். நேற்றும் கேட்டாள். மலர் வரட்டும், படித்துத் தெரிந்துகொள் என்றேன்.